கேரளா நம்பர் ஜீப்பில் வந்தவர்

எங்கள் பக்கத்தில் ஓர் ஆளை எடைபோட அதிக நேரம் ஆகாது. வந்து நிற்கிற வண்டியின் நம்பரைப் பார்ப்போம். கேரளா நம்பர் ஜீப், இறங்குகிறவர் உடம்பில் வெள்ளைச் சட்டை, பக்கத்தில் வந்தால் ஏலக்காய் வாசனை என்றால் முடிந்தது கதை. ஆளுக்கு மலைமேல் ஏலத்தோட்டம் இருக்கிறது. கம்பத்திலும் போடியிலும் வசதியான பல குடும்பங்களுக்கு எல்லை தாண்டித் தோட்டம் உண்டு. வண்டியும் அங்கேதான் பதிவாகியிருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. நானும் கேட்கவில்லை. அதுவரைக்கும் செய்தது ஊர்ப்புத்தி என்று தப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் என் சொந்தப் புத்தி.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தேனியில் வாழைக்கன்று விற்கிற ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. ஜெயமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கன்றுக்கு முன்பதிவு செய்ய வருகிறவர்களுக்கு ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் வயலிலிருந்து நேராக வருவார்கள், காலில் சேறு காய்ந்திருக்கும். நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமலே "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்பேன். என் அப்பாவும் அதே மாதிரிக் காலோடுதான் வீட்டுக்கு வருவார் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எனக்கு ஞாபகம் வராது.

அவர் முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. வாசலில் வெள்ளை ஜீப்பைப் பார்த்தேன், நம்பரைப் பார்த்தேன். வெட்கங்கெட்டவள், எழுந்தே நின்றுவிட்டேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன், டீ வாங்கிவரச் சொன்னேன். அவர் கேட்டது ஐந்நூறு கன்று. அவ்வளவு பெரிய தோட்டக்காரருக்கு ஐந்நூறு கன்று எந்த மூலைக்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. சும்மா வைத்துப் பார்க்கிறார் போல என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர் போனதும் கூட வேலை பார்த்த அக்கா சிரித்தாள்.

"என்னடி, எங்கப்பா வந்தப்ப இந்தக் காத்தாடி இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே?"

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் உரம் வாங்க, வண்டிக்கு உதிரிபாகம் வாங்க என்று தேனிக்கு வருவார். கன்று எப்போது வரும் என்று கேட்கிற சாக்கில் அலுவலகத்துக்குள்ளும் வருவார். போன் நம்பர் கைமாறியது. தினமும் பேசினோம். மேலே பனி இறங்கியிருக்கிறது, காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது, ராத்திரி பன்றி புகுந்து செடியைச் சாய்த்துவிட்டது என்று சொல்வார். நான் பஸ் ஏறிவிட்டேனா, சாப்பிட்டேனா என்று கேட்பார். அவருக்கு முன்பல் ஒன்று கோணல். சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வார். அந்தக் கோணல் பல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பேசிய ஒவ்வொரு பேச்சையும் பிற்பாடு உதறி உதறிப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட அகப்படவில்லை. தோட்டத்தை அவருக்கு எழுதிக்கொடுத்தது நான்தான்.

"கன்னு நட்டு முடிச்சதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாறேன். உங்க வீட்ல என்ன சொல்வாகளோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"என்ன சொல்லப்போறாக? கும்பிட்டுல்ல கூப்பிடுவாக!" என்றேன்.

"நெசமாவா?" என்று கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அடுத்த வாரம் கம்பத்தில் சொந்தக்காரர் புதுவீட்டுப் பால்காய்ச்சு. முந்தின நாள் மதியமே போய் அத்தை வீட்டில் தங்கினேன். வாய் சும்மா இருந்ததா? ஏலத்தோட்டக்காரர் ஒருத்தர் என்னைக் கேட்டு வரப்போகிறார் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்குச் சேதி போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் அத்தையும் நானும் பூ வாங்கப் போனோம். மேலே தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்ள ஜீப்புகள் வரிசையாக நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் பூக்கடை. தூக்குச்சட்டியும் பையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அதே வெள்ளை ஜீப், அதே நம்பர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெளுத்த காக்கிச் சட்டையில் அவர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள தள்ளி உக்காருங்கக்கா, முதலாளி வீட்டுத் தெருவுல இன்னும் மூணு பேரு ஏறணும்."

அத்தையை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் கொஞ்சமாவது கூச்சம், மாட்டிக்கொண்ட முழி எதுவுமே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"இங்கன எப்ப வந்தீக? ஒரு வார்த்தை சொல்லலையே!" திரும்பி ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அக்கா, சொன்னேன்ல, இவுகதான்!"

ஜீப்பிலிருந்து ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. "ஆத்தாடி, மகாலட்சுமி கணக்கால்ல இருக்கு!" என்றாள் ஒருத்தி.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"யாருங்க நீங்க?"

குரல் நடுங்கக்கூட இல்லை. பஸ்ஸில் வேண்டுமென்றே மேலே வந்து இடிக்கிறவனிடம் பேசுகிற குரல் அது. இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் அவர் பல் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. பத்தடி தூரத்தில் நின்ற ஜீப் அவருடையது இல்லை என்று தெரிந்ததுதான் தாமதம், ஆசைப்பட்ட முகமே வேறு முகமாகிவிட்டது. நடித்தேன் என்றால்கூட மன்னித்துக்கொள்வேன். நடிக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார், அத்தையை ஒருதரம் பார்த்தார். புரிந்துவிட்டது.

"மன்னிச்சிக்கங்கம்மா," என்றார் அத்தையிடம். "தேனியில பாத்த ஒரு ஆளுன்னு நெனச்சிட்டேன்."

அவர் திரும்பிப் போனதும் ஜீப்பில் ஒரே சிரிப்பு. "ஏலே, போற வாற பிள்ளையெல்லாம் இவுகதான்னு சொல்லுவ போலயே!" என்று ஒருத்தி கத்தினாள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, தன் மானத்தை அந்தப் பெண்களிடம் விட்டுக்கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"பாவம், டிரைவர் பய ஆள் மாறிப் பேசிட்டான்," என்றாள் அத்தை. "சரி, ஒன் தோட்டக்காரரு வீடு எந்தத் தெருவுல?"

"அது சரிவராது அத்தை," என்றேன்.

கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டால் "டிரைவர்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்துவதற்கு வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கூப்பிடவேயில்லை. பழியைத் தூக்கி அவர்மேல் போட எனக்கு ஒரு வழியும் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கன்று வந்தது. எடுத்துப்போக அவர் வரவில்லை. லோடு ஆட்டோவில் ஓர் அம்மா வந்து இறங்கி ரசீதை நீட்டினார். அந்த முதல் சனிக்கிழமை நானே போட்ட ரசீது, ஜீப்பில் வந்தவர் பெயர் இருந்தது. அக்கா குடோனுக்குப் போயிருந்தாள், அலுவலகத்தில் நான் மட்டும்தான்.

"தாயி, இங்கன ஜெயமங்கலத்துப் பிள்ளை ஒண்ணு வேலை பாக்குதாமே, அது எங்க?"

"அது... வேலையை விட்டு நின்னுருச்சும்மா."

"கல்யாணம் கட்டிப் போயிருச்சா?"

"தெரியலம்மா."

அந்த அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். "எம்மகன் வாயத் திறக்க மாட்டேங்குறான். முன்னெல்லாம் ஓயாம அந்தப் பிள்ளை பேச்சுத்தான். 'படிச்ச பிள்ளைம்மா, டிரைவருன்னு பாக்காம எம்புட்டு மரியாதையாப் பேசுது தெரியுமா, நம்ம வீட்டுக்கு வாறேங்குது'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான். இப்பப் பேரெடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயிர்றான்."

நான் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்று தெரிந்துதான் வாழ வருகிறேன் என்று அந்த மனுஷன் என்னை நம்பியிருக்கிறார். "உள்ள வச்சிருக்கோம், எடுத்துக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கன்றெல்லாம் ஏற்றி முடித்ததும் அந்த அம்மா மறுபடியும் உள்ளே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"அந்தப் பிள்ளையை எங்கனயாச்சும் பாத்தா ஒரு வார்த்தை சொல்லு தாயி. எம்மகன் இப்பச் சொந்தமா ஜீப்பு எடுத்துட்டான். லோனுதான். ஆனா வண்டி அவன் பேருலதான் இருக்கு."

"சொல்றேம்மா," என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.