மூடிய அறையில் காதுகுத்துப் படம்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று கூட்டம் போட்டதற்காக, என் கணவரைக் குண்டர் சட்டத்தில் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் வெளியே வர முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே வைக்க, சென்னையில் இருக்கும் அறிவுரைக் கழகத்து நீதிபதிகள் சம்மதிக்க வேண்டும்.

"அரசியல் சட்டம் நமக்கு விட்டு வெச்சிருக்கிற வழி இதாம்மா. ஆனா கதவைச் சாத்திட்டுத்தான் விசாரிப்பாங்க. வக்கீல் உள்ள வரக் கூடாது. வேண்டப்பட்டவங்க யாராவது பேசலாம்" என்றார் எங்கள் வக்கீல்.

"அப்ப நான் பேசுறேங்க" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர் சுரங்க வாசலில் நின்று கல்லெறியத் தூண்டினார் என்று போலீஸ் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்ததும் எனக்கு எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. அன்று மதியம்தான், சுரங்கத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் விக்கிரமங்கலத்தில் எங்கள் மகளுக்குக் காதுகுத்து!

எங்களை வேவு பார்க்க மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் மாதக்கணக்காக எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பெரிய ரகசியம், தெருவுக்கே தெரியும். தெரு முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டு அவரை மட்டும் எப்படி விடுவது? வைத்தோம். அவரும் வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் கதவைச் சாத்தினார்கள். என் கணவரை அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். பத்திரிகையையும் ஒரு போட்டோவையும் மேஜையில் வைத்தேன். போட்டோவில் இவர் குனிந்து ஒருவருக்கு சாம்பார் ஊற்றுகிறார். பக்கத்தில் மொட்டைத் தலையும் புதுத் தோடுமாக எங்கள் மகள்.

"சாப்பிடுறது யாரும்மா?" என்றார் நடுவில் இருந்த நீதிபதி.

"எங்கள வேவு பாக்க கவர்மெண்ட் அனுப்புன போலீசுங்க. வேணும்னா அவரையே கூப்பிட்டுக் கேளுங்க!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தேவிட்டார். என் கணவரோ என் காதருகே, "அந்த ஆளு வேலைக்கு உலை வெச்சிடாதடி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஒரு குத்து விட்டிருப்பேன்.

அடைத்து வைக்கப் போதிய காரணம் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். விடுதலை ஆன அன்று ஜெயில் வாசலில் ஊரே வேன் பிடித்து வந்து நின்றது. வெளியே வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் போலீஸ்காரருக்கு ஒண்ணும் ஆயிடலியே?"

"இந்த மனுசனத்தான்யா குண்டர்னு உள்ள வெச்சீங்க" என்று வாசல் காவலரிடம் கத்தினேன்.