பன்னிரண்டாம் வாய்ப்பாடும் அக்காவின் தலையும்

பன்னிரண்டாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு ராகம் போட்டால்தான் வரும். அந்த ராகம் வாயில் ஏறும்போதெல்லாம் எங்கள் கணக்கு வாத்தியார் மேல் கோபம் கோபமாக வருகிறது. மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் கோபம் மட்டும் போகவில்லை.

எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பக்கம். நான்காம் வகுப்பில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒரு தலை உயரமும் கூட. இரண்டு தடவை தோற்று, மூன்றாவது வருஷமாக அதே வகுப்பில் இருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். காய்ச்சல் நாளில்கூட வீட்டில் இருக்க மாட்டாள்.

வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே வழி. வாய்ப்பாட்டை முதலிலிருந்து ராகத்தோடு சொல்லிக்கொண்டே வர வேண்டும். நடுவில் நின்றால் தோல்வி. சொல்லிவிட்ட பிள்ளை, சொல்லாத பிள்ளையின் தலையில் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் குட்டியவளுக்குப் பிரம்படி. இதற்குப் பெயர் கல்வி.

அக்காவுக்கு ராகம் வராது. இரண்டாவது அடியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டும்போது, காய்ந்த பெட்டிகளை வரிசைக்குப் பன்னிரண்டாக அவள்தான் அடுக்குவாள். ஒரு பார்வை பார்ப்பாள், எத்தனை என்று சொல்வாள். பெட்டி வாங்க வரும் ஏஜெண்டு அண்ணாச்சி இரண்டு முறை எண்ணிவிட்டு, கடைசியில் அவள் சொன்னதற்கே வருவார். இந்தச் சமர்த்து வாத்தியாருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுத் தட்டு குறைகிறதா என்று பார்க்க அவர் கூப்பிடுவது அக்காவைத்தான். தட்டு எண்ணும்போது இருந்த மூளை, கணக்குப் பாடத்தில் மட்டும் எங்கே போனது என்று அந்த மனிதர் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா?

முழுப் பரீட்சை அன்று அக்கா ஒரு பை நிறையக் காலிப் பெட்டி கொண்டுவந்தாள். அவளைக் கூப்பிட்டு ஏழு பன்னிரண்டு எவ்வளவு என்று கேட்டார் வாத்தியார். அவள் பையைத் திறந்தாள்.

“சார், பெட்டிய அடுக்கிச் சொல்லட்டுமா சார்?”

“பெட்டி அடுக்கணும்னா கம்பெனிக்குப் போ. இங்கன வாயால சொல்லு.”

பையைப் பிடுங்கி வாசல் பக்கம் வீசினார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் என்னைச் சொல்லச் சொன்னார். நான் ஓர் பன்னிரண்டிலிருந்து ராகத்தோடு கிளம்பினேன். நாலைத் தாண்டுவதற்குள், பக்கத்தில் அக்காவின் விரல்கள் காற்றில் எதையோ அடுக்குவதுபோல் அசைந்தன. “எம்பத்து நாலு” என்று முனகினாள். வாத்தியார் காதில் விழத்தான் செய்தது. முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவளால் முடியவில்லை. சரியான விடையைச் சொல்லிவிட்டுத் தோற்ற ஒரே பிள்ளை எங்கள் ஊரில் அவளாகத்தான் இருப்பாள்.

எனக்கோ வேறு கோபம். நான் சொல்லப்போன விடையை முந்திக்கொண்டு திருடிவிட்டாள் என்று நினைத்தேன். குட்டச் சொன்னதும் போய் நின்றேன். அக்கா தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தாள். ஓங்கிக் குட்டினேன்.

மறுநாள் வாத்தியார் அப்பாவை வரச் சொன்னார்.

“ஒங்க மூத்த பிள்ளைக்குக் கை ஓடுது, புத்தி ஓடல. வீணா உக்கார வச்சிருக்கீக.”

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் சிலேட்டோடும் அக்கா தூக்குவாளியோடும் ஒரே தெருவில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் திரும்பினோம்.

ஐந்தாம் வகுப்பில் புது வாத்தியார் ஒருவர், ஒன்பது பன்னிரண்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டார். முதலிலிருந்து ராகம் போட ஆரம்பித்தேன். பாட்டு வேண்டாம், விடையைச் சொல் என்றார். வாய் மறுபடியும் ஓர் பன்னிரண்டிலிருந்துதான் கிளம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டுதான், கணக்கு அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது என்பது அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை.

இன்னொன்றும் எட்டவில்லை. அன்று அக்கா அவமானத்தால் குனிந்தாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். குட்டையான எனக்கு அவள் உச்சந்தலை எட்டாது. எட்டாமல் குட்டு மெதுவாக விழுந்தால் பிரம்படி எனக்கு. அந்தக் கணக்கையும் அவள்தான் எனக்கு முன்னால் போட்டு முடித்திருக்கிறாள்.