பூதம் எப்போது வரும்?

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, சித்தப்பா, மாமன்மார் எல்லோரும் கடல்தொழில்காரர்கள். எங்கள் வீட்டில் பிள்ளை அழுதால் நிலாவைக் காட்ட மாட்டார்கள், அலையைத்தான் காட்டுவார்கள். அந்த வீட்டில் பிறந்த ஒருத்திக்குக் கடல் என்றால் குலைநடுக்கம் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? அதனால் வருடக்கணக்கில் அதை யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன்.

அது பிறவிப் பயம் இல்லை. கரையில் நின்று பார்க்கிறவரை எனக்கும் கடலுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. கல்யாணமான கையோடு மெட்ராசில் கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்தோம். நடுக்கடலில் புயல். பெட்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகின்றன. என் சீர்ப்பாத்திரங்கள் எல்லாம் கட்டை அவிழ்த்துக்கொண்டு உருள்கின்றன. நான் படுக்கைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாதாவே, என்னைக் கரை சேர்த்துவிடு, இனி ஜென்மத்துக்கும் கப்பல் ஏற மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். தீவில் குடியிருந்துகொண்டு கப்பல் ஏற மாட்டேன் என்று சொன்னவளின் புத்தியை என்ன சொல்வது!

ஆனாலும் சில வருடங்கள் ஓட்டிவிட்டேன். போர்ட் பிளேருக்கு வெளியே கராச்சர்மாவில் தகரக்கூரை போட்ட வாடகை வீடு. டவுனுக்குப் பஸ்ஸில் போனால் கடல் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் தச்சர். மெயின்லேண்டுக்குப் போய்வரலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தெற்கே கிரேட் நிக்கோபாரில் முன்னாள் ராணுவத்தாருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றத் தொடங்கினார்கள். வீடுகள் கட்டத் தச்சர்கள் வேண்டும். அவரை அந்தத் தீவில் கேம்பல் பே என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். "நான் முன்னாடி போய் வீட்டை ஒழுங்கு பண்ணுதேன், நீ அடுத்த கப்பல்ல வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

அடுத்த கப்பல் புறப்படப் போகிறது என்று தெரிந்த அன்றே எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொன்னார்கள், குழாய் வைத்துப் பார்த்தார்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று இனிப்பாக ஒரு டானிக் கொடுத்து அனுப்பினார்கள். கப்பல் போயிற்று. படபடப்பும் போயிற்று. அதற்கடுத்த கப்பல் வந்தது. டானிக் குடித்த வாயோடு மறுபடி படுத்துவிட்டேன். அவர் அங்கே தனியாகச் சோறு பொங்கித் தின்கிறார் என்று நினைத்தால் அழுகை வரும். அழுவேனே தவிர, டிக்கெட் எடுக்கப் போக மாட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலிக்காரி. என்னைவிட மூத்தவள் என்பதால் தீதி என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அக்கா. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பெங்காலி தெரியாது. நடுவில் தீவு இந்தி இருந்தது. இலக்கணம் பார்க்காத, யார் எப்படிப் பேசினாலும் கோபித்துக்கொள்ளாத இந்தி. நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து நின்றாள்.

"டவுன்மே பூத் வாலா பிக்சர் ஆயா. சல், உட்!"

பூதம் படம் வந்திருக்கிறது, எழுந்திரு என்கிறாள். எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. சின்ன வயதில் கேட்ட கதைகளில் பூதம் என்றால் எவ்வளவு நல்ல ஆள்! தொப்பை வயிறு, மொட்டைத் தலையில் ஒரு குடுமி, கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்கும். கேட்டதைக் கொண்டுவந்து கொட்டும். சிரிக்கிற படம்தான் என்று நினைத்துக்கொண்டு, முறுக்கை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கொட்டகைக்கு வருகிற படங்கள் மெயின்லேண்ட் முழுக்க ஓடி, உடம்பெல்லாம் கீறல் விழுந்த பிறகுதான் கப்பலேறி எங்களிடம் வரும். நடுநடுவே அறுந்துபோகும். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. அன்றைக்கும் மழைதான். பெண்கள் பெஞ்சில் தீதியும் நானும் முறுக்கைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு பாழடைந்த பங்களா. காற்று. தானாகத் திறக்கிற கதவு. வெள்ளைச் சேலை கட்டி, கூந்தலை விரித்துப்போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பெண் மாடிப்படி ஏறிப் போகிறாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இந்த இருட்டில் தனியாக அலைகிறதே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. சீக்கிரம் பூதம் வந்து இவளுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா என்று காத்திருந்தேன். அது வருகிற வழியாக இல்லை. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தீதி, பூத் கப் ஆயேகா?"

பூதம் எப்போது வரும் என்று நான் கேட்டதும் தீதி முறுக்கு மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைக் காட்டினாள்.

"அரே பாகல், யஹீ தோ பூத் ஹை!"

பைத்தியமே, இதுதான் பேய் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அந்த வெள்ளைச் சேலை எங்கள் பக்கம் திரும்பியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. நான் போட்ட கூச்சலில் முறுக்கு டப்பா எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. என் நேரம், படம் அப்போது பார்த்து அறுந்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்து ஒரு மதராசிக்காரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பதைக் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

முதலில் சிரித்தது தீதி. பிறகு பின்வரிசை. பிறகு நான். சிரித்துச் சிரித்து வயிறு வலி எடுத்துவிட்டது. தமிழில் பூதம் என்றால் யார் என்று தொப்பையைத் தட்டிக் காட்டி அவளுக்கு விளக்கினேன். அவள் இன்னும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, அவர் போன பிறகு முதன்முறையாக வயிறார ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் நானே போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். "தீதி, பூத்?"

அடுத்த கப்பல் வேறு படப்பெட்டி கொண்டுவருகிறவரை அந்த ஒரே படம்தான் ஓடும். மத்தியான ஆட்டத்துக்கு நாங்கள் ஆஜர். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று எனக்கு மனப்பாடம். அப்படியும் பயம் வந்தது. ஆனால் இப்போது அது வருவதை உட்கார்ந்து கவனிக்க முடிந்தது. முதலில் பிடரியில் ஏறும். பிறகு வயிற்றில் புளியைக் கரைக்கும். உள்ளங்கை வியர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும். அட, இது கப்பல் நாளில் எனக்கு வருகிற அதே படபடப்பல்லவா! ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். கொட்டகையில் நான் எழுந்து ஓடுவதில்லை. ஓடாமல் இருந்து பார்த்தால் அந்தப் பயம் உச்சிக்கு ஏறி, கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டு, களைத்துப்போய்த் தானாக இறங்கிவிடுகிறது. இடைவேளையில் சமோசா வாங்கப் போகிறபோது உடம்பு லேசாக இருக்கும்.

எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. பயத்துக்கும் ஒரு இடைவேளை உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தீதி ஏன் பேய்ப்படம் என்றால் உயிரை விடுகிறாள் என்று கேட்டேன். அவள் கலவரத்தில் பிறந்த ஊரை விட்டு, கட்டிய துணியோடு ஓடிவந்தவள். அந்தக் கதையை எனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. கொட்டகையில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "யே டர் கா டிக்கெட் ஹம் குத் லியா." மற்ற பயமெல்லாம் கேட்காமல் வந்தது, இது மட்டும் நானே டிக்கெட் வாங்கி வரவழைத்தது என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

மாதா கோயிலில் உபதேசியார் மனைவிக்கு விஷயம் போய்விட்டது. "பேய்ப்படமா பாத்துட்டுத் திரியுத?" என்று பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஜெபமாலை கையிலதான் இருக்கு அக்கா, அதுக்கும் சேத்துத்தான் வேண்டுதேன்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள் நாங்கள் போனபோது கொட்டகை வாசலில் படப்பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். தகரப் பெட்டிகள். அடுத்த கப்பலில் கேம்பல் பேக்குப் போகிறது, அங்கே புதுக் குடியேற்றக்காரர்களுக்கு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டப் போகிறார்கள் என்றார் அங்கிருந்த ஆள். தீதி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"தேக். பூத் பீ ஜஹாஸ்மே ஜாதா. தூ நஹீ ஜாயேகா?"

பேயே கப்பலில் போகிறதாம், நான் போக மாட்டேனாம்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே சூட்டில் அவளையும் இழுத்துக்கொண்டு போய் டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் என் கையில் இருந்தது. நானே வாங்கியது. திரும்புகிற வழியில் கோயிலுக்குப் போய், "மாதாவே, பழைய நேர்ச்சையை மறந்துவிடு; கேம்பல் பேயில் இறங்கியதும் உனக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்" என்று பேசி முடித்தேன். அங்கே மெழுகுவர்த்தி கிடைக்குமோ கிடைக்காதோ என்று கையோடு நீளமாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

தீதி துறைமுகம் வரை வந்தாள். அழவில்லை. தொப்பையைத் தட்டிக் காட்டினாள்.

நிக்கோபாருக்குப் போகிற வழியில் பத்து டிகிரி கால்வாய் என்று ஒரு இடம். அங்கே கடல் எப்போதும் முரட்டுத்தனம் செய்யும். காலைக் காப்பி கொடுக்கிற நேரத்தில் கப்பல் ஆட ஆரம்பித்தது. அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாசில் பெட்டிகள் நகர்ந்தன. பிடரியில் ஏறியது. ஆகா, வந்துவிட்டது என்று நினைத்தேன். வயிற்றில் புளி. சரி, இது மாடிப்படி. உள்ளங்கை வியர்வை. இப்போது கதவு திறக்கும். மூச்சு முட்டியது. திரும்பப் போகிறாள், திரும்பப் போகிறாள். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, கொட்டகையில் எப்படிக் கத்துவேனோ அப்படி வாய்விட்டுக் கத்தினேன்.

எதிர்ப் படுக்கையில் ஒரு பஞ்சாபிக்காரப் பெண், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி, அதுவரை கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தவள், என் சத்தத்தைக் கேட்டுத் தானும் கத்தினாள். அவள் கத்தியதைக் கேட்டு இன்னும் நாலு பேர். கப்பல் நிமிர்ந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் முதலில் சிரித்தேன். "இன்டர்வல்!" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு கப்பல் சாயும்போதெல்லாம் சேர்ந்து கத்தினோம், நிமிரும்போதெல்லாம் சிரித்தோம். கப்பல் சிப்பந்தி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கேம்பல் பேயில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும். பக்கவாட்டு ஏணியில் இறங்கிப் படகில் போக வேண்டும். அவரைப் பார்க்கப் போகிறோமே என்று கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். கொண்டையைக் காற்று அவிழ்த்துவிட்டது. மெழுகுவர்த்தி உடைந்துவிடக் கூடாதென்று கையிலேயே பிடித்துக்கொண்டு ஏணித் தலைப்பில் போய் நின்றேன்.

கீழே படகு அலையில் ஏறி இறங்கியது. அதில் அவர். மெலிந்து, தாடி வளர்த்து, ஆளே பாதியாகிவிட்டார். ஒவ்வொரு கப்பலுக்கும் இப்படிப் படகில் வந்து பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கும் நம்பிக்கை இல்லாமல்தான் அண்ணாந்து பார்த்தார். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கையில் மெழுகுவர்த்தி. மனுஷன் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏட்டி... நீதானா? நான் பேயோன்னு நெனச்சேன்!"

ஏணித் தலைப்பில் என் பக்கத்தில் நின்ற கப்பல் கலாசி "பூத், பூத்!" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தியைக் கலாசியிடம் நீட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இல்லாத தொப்பையைத் தள்ளி நின்றேன்.

"ஆமா, பூதம்தான் வந்துருக்கேன். என்ன வேணும், கேளுங்க!"

அவருக்கு அந்தக் கதையெல்லாம் ஒன்றும் தெரியாது. கண் மட்டும் நிறைந்துவிட்டது. படகில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

"ஒண்ணும் வேண்டாம். நீ எறங்கி வா, அது போதும்."

நான் ஏணியில் காலை வைத்தேன்.