யார் போட்ட பூட்டு?

இடித்த சுவரின் சுண்ணாம்புத் தூள் என் புதுச் செருப்பு முழுக்க அப்பியிருந்தது...

வங்கியில் சேர்ந்து மூன்றாவது வாரம். திண்டுக்கல்லில் ஒரு கடை வளாகத்தைப் பார்த்து அறிக்கை எழுதத் தனியாக அனுப்பியிருந்தார்கள். ஓய்வுபெற்ற மரியபுஷ்பம் டீச்சருடையது. ஒழுகும் தளத்தை இடித்துவிட்டு, புதிதாகக் கட்டக் கடன் கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

கீழே எட்டுக் கடைகள். எட்டு ஷட்டரும் சாத்தியிருந்தன. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: 'ஆள் உண்டு', 'காலி'. அக்கம்பக்கத்தில் விசாரிக்க எனக்குக் கூச்சம். எட்டையும் 'காலி' என்று குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் படித்தார். சென்னைக்காரர், கறாரானவர்.

"எட்டும் காலியாம்மா? அப்ப எந்த வாடகைய நம்பி லோன் குடுக்கறது? திருப்பி அனுப்பிடலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சும்மா அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஷட்டரில் ஒரே மாதிரிப் பூட்டு. மற்ற ஆறிலும் ஆறு விதம். ஒன்றில் மஞ்சள் நூல்கூடக் கட்டியிருந்தது...

நான் டீக்கடைக்காரர் மகள். எங்கள் கடைக்கு ஒருமுறை தளம் போட்டபோது, அப்பா எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் டீ ஆற்றினார். கடைக்குத் தன் பூட்டைத்தான் போட்டிருந்தார். ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்; அந்தக் கடைகளில் சொந்தக்காரரின் பூட்டுத்தான் தொங்கும். இது தெரிந்த நானே 'காலி' என்று எழுதியிருக்கிறேன்!

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் முன் அந்தக் கடை வளாகத்துக்கு ஓடினேன். எதிரே குடை விரித்து ஒருவர் மிக்சி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம போட்டோ புடிச்சிட்டுப் போனது நீதானா? நல்லாருக்கு ஆத்தா... நாங்களே காலி பண்ணல, நீ பண்ணிட்டியே!" என்று சிரித்தார். இடுப்பிலிருந்த சாவியை ஆட்டிக் காட்டினார். "தளம் போட்டதும் உள்ள போயிருவோம். அம்புட்டுதான்."

டீச்சரும் வந்தார். "மழைக்கு முன்னாடி வேலை முடியலன்னா இவங்க எம்புட்டு நாளைக்கும்மா ரோட்டுல உக்காந்திருப்பாங்க? வேற எடம் பாத்துருவாங்க" என்றார்.

நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "சார்... நான் தப்பா எழுதிட்டேன்."

பூட்டுக் கதையை முழுக்கக் கேட்டார். "பூட்டப் பாத்து லோன் குடுக்க ரூல் இல்லம்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "திரும்பி வருவோம்னு ஒப்பந்தம் போட்டுத் தருவாங்களா?"

ஆறு பேரும் போட்டுத் தந்தார்கள். உண்மையிலேயே காலியான இரண்டு கடைகளை வங்கி கணக்கில் சேர்க்கவில்லை. கிடைத்த கடன் கேட்டதைவிடக் குறைவுதான். அதையும் மொத்தமாகக் கொடுக்காமல், கட்டடம் எழ எழ, பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் மழைக்கு முன் தளம் போட்டு முடித்துவிட்டார்கள். மிக்சிக்காரர் குடையை மடக்கினார்.

அதுவரை என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா, "கம்ப்யூட்டர்ல என்னமோ பாக்குது" என்பார். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அவரும் என்னதான் சொல்வார்? அதற்குப் பிறகு டீ குடிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்:

"பூட்டப் பாத்தே கடையில ஆளு இருக்கா இல்லையான்னு சொல்லிரும், எம்மக!"

இப்போது படிவம் செல்போனுக்குள் வந்துவிட்டது. கட்டங்கள் இன்னமும் இரண்டுதான். கீழே 'குறிப்பு' என்ற இடத்தில், பூட்டு யாருடையது என்று எழுதிவிடுவேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். எங்கள் கிளையில் அதுவே வழக்கமாகிவிட்டது.

தொடங்கியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை...

உங்களிடம்தான் சொல்கிறேன்.