சுவர் எங்கே என்று கேட்டேன்

எனக்கு இருபத்தைந்து வயது நடந்தபோது ஜரிகை எது, பட்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. அறுபதுகளின் கடைசி அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நான் நெய்த சேலையை நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்ன முதலாளி விரித்துப் பார்த்தார். மடித்து வைத்தார். அடுத்த சேலைக்கான பாவு நூல் என் மனைவி வள்ளியின் கைக்குப் போனது. விழி நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை என்று மதராஸில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மனின் அடியார்களே, இதை நான் சொல்லச் சொல்ல வள்ளிதான் எழுதுகிறாள். நடுவில் எங்கேயாவது நான் நல்லவனாகத் தெரிந்தால் அது அவள் சேர்த்தது.

அன்று நான் நல்லவனாக இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் எதிலாவது இடிப்பேன். குழம்பில் உப்பில்லை என்று கத்துவேன், உப்பு இருக்கும். தார் சுற்றுவது என்றால் குறுக்கு நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவது. அந்த வேலைக்குக் கண் வேண்டாம், கை போதும். ஆனால் சேலை நெய்தவன் தார் சுற்றுவதா என்று வீம்பு.

வேகமாகப் போக எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம் தண்ணீர். ஊருக்கு வெளியே பெரிய வயற்கிணறு ஒன்று இருந்தது. தினமும் காலையில் தடவித் தடவிப் போய் அதில் குதித்துவிடுவேன். அங்கே யாரும் "பார்த்துப் போ" என்று சொல்வதில்லை.

ஜரிகை வியாபாரம் செய்த கரீம் பாய் அங்கே குளிக்க வருவார். இளமையில் மதராஸ் போட்டிகளில் நீந்தியவர்.

"இன்னாப்பா மாணிக்கம், இந்த வேகம் போறே? ஆனி மாசம் மதராஸ்ல போட்டி இருக்குது. வர்றியா?"

"கண்ணு தெரியாதவனைச் சேத்துக்குவாங்களா பாய்?"

"நான் பேசிக்கிறேன். நீ நீந்து."

பேசிச் சேர்த்தும் விட்டார். அங்கே நீச்சல் குளத்தில் கயிறு கட்டித் தடம் பிரித்திருந்தார்கள். கயிறு உடம்பில் உரசினால் கோணிப் போகிறேன் என்று தெரிந்துவிடும். சுவர்தான் தெரியாது. முதல் நாள் ஒத்திகையில் பாய் கரையோரம் நடந்துகொண்டே என் கைவீச்சை எண்ணினார். சுவர் நெருங்கியதும் "நில்லு!" என்று கத்தினார்.

"முப்பத்தாறுல சுவரு. நாளைக்குக் கூட்டம் கத்துறதுல என் குரல் கேக்காது, நீயே எண்ணிக்கோ. முப்பத்துநாலுலயே கையை நீட்டிக்கோ" என்றார்.

மறுநாள் போட்டியில் நான் பதினெட்டு எண்ணும்போது மண்டை சுவரில் மோதியது. நெற்றி பிளந்து தையல் போட்டார்கள். பயத்தில் எண்ணிக்கையைத் தவற விட்டுவிட்டாய் என்றார் பாய். விடவில்லை என்று சத்தியம் செய்தேன். போட்டி நடத்தியவர்களில் ஒருவர் வந்து, "அடுத்த வருஷம் இன்னும் ஒரு தடவை பார்க்கிறோம். மறுபடியும் மோதினா அதோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தறியும் போய், தண்ணீரும் போய்விட்டால் நான் எதற்கு? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். நான் நின்று கும்பிடும் ஆளில்லை. பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி சண்டை போட்டேன். தாயே, கண்ணைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அது வேண்டாம், சுவர் எங்கே என்று மட்டும் சொல்லிவிடு. ஆடி போனது, புரட்டாசி போனது, தை போனது. பதில் இல்லை. கிணற்றில் ஒரு கையை முன்னே நீட்டிக்கொண்டே நீந்தினேன். அது ஆமை வேகம். பங்குனியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்தினேன். வள்ளிக்குத் தெரியாமல் அழுதேன். (தெரியும். வள்ளி.)

சித்திரையில் முதலாளி உடல் முழுக்கச் சின்னச் சின்னப் பூவாகப் புட்டா போட்ட சேலைக்குப் பாவு கொடுத்தார். வள்ளி அதுவரை புட்டா இல்லாத சேலைதான் நெய்திருந்தாள். பதினாறு ஊடை, அதாவது குறுக்கு நூல், எண்ணி ஒரு புட்டா போட வேண்டும். அவளுக்கு உதவ ஆளில்லாததால் வீம்பை விட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றினேன். அந்தத் தாரைச் சுமந்து நாடா தறியின் குறுக்கே ஓடும் சத்தம் கேட்டதும் பழக்க தோஷம், நானும் எண்ணினேன்.

"பதினாறு ஆச்சுங்க" என்று தறியை நிறுத்தினாள்.

"இன்னாடி பதினாறு? எட்டுதான் ஆவுது."

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நாடா பதினாறு தபா ஓடியிருக்குது."

"போய்த் திரும்பினாத்தான் ஒண்ணு."

"அது உங்க வூட்டுப் பழக்கம். ஆரணியில எங்க வூட்டுல போனாலே ஒண்ணு."

என் கை அப்படியே நின்றது. தண்ணீரிலும் நான் அப்படித்தான் எண்ணினேன். இடது கை போய் வலது கையும் போனால்தான் எனக்கு ஒன்று. நாடா பிடித்து வளர்ந்தவன் வேறெப்படி எண்ணுவான்? பாய் தறியில் உட்கார்ந்தவர் இல்லை. ஒவ்வொரு கையையும் தனியாக எண்ணியிருக்கிறார். அவருடைய முப்பத்தாறு என்னுடைய பதினெட்டு!

"காமாட்சி!" என்று கத்திவிட்டேன். வள்ளி பயந்துபோய் நாடாவைக் கீழே போட்டாள். புட்டாவுக்கு யார் கணக்கு சரி என்பதை முதலாளியிடம் அப்புறம் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த ஆனியில் அதே குளம். விசில் ஊதியதும் குதித்தேன். கையை நீட்டவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. பதினைந்து. பதினாறு. நெற்றித் தழும்பு குறுகுறுத்தது. பதினேழில் கையை நீட்டினேன். விரல் நுனியில் சுவர். தாயே! தொட்டுத் திரும்பி நீந்தி, கண் தெரிந்தவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக வந்தேன். பாய் கரையில் நின்று விம்மி விம்மி அழுதார்.

அதற்குப் பிறகு பல வருஷம் போட்டிகளில் நீந்தினேன். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு, மோதியது மட்டும் இல்லை. இப்போது வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. வள்ளி நெய்கிறாள், நான் தார் சுற்றுகிறேன், வீம்பு இல்லை. கால் இன்னும் ஆடுகிறது, அதை அம்மன் மாற்றவில்லை.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். கும்பிட்டுக் கேட்க வராவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். அன்று பதினெட்டு எண்ணியபோது இன்னும் பாதித் தூரம் இருக்கிறது என்றுதான் நான் நம்பினேன். சுவர் அங்கேயே இருந்தது. அவளும் அப்படித்தான். இன்னும் பாதித் தூரம் இருக்கிறதே என்று நாம் கதறுகிற இடத்திலேயே நிற்கிறாள். கையை நீட்டுங்கள்.