அம்மணச் சொந்தக்காரர்கள்

பிரெஞ்சுச் சட்டக்காரர்களின் கற்பனையோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வெள்ளவத்தையில், வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு பிரெஞ்சுப் பத்திரங்களை ஆங்கிலமாக்குகிறேன். ஒரு தரப்புக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் நிபந்தனைக்கு அவர்கள் வைத்த பெயர் சிங்க நிபந்தனை. இப்படி ஒன்று அகப்பட்டால் எனக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம்.

சென்ற வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நெடுங்காலம் பாரிஸில் இருந்தவர்; கணவர் அங்கே காலமானபின் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அவர்களுடைய பாரிஸ் வீட்டைப் பற்றி, பத்திரம் எழுதும் நொத்தாரிசு அனுப்பியதை லண்டனில் இருக்கும் மகன்மார் ஆங்கிலத்தில் கேட்டார்களாம். அவருக்குத் தெரிந்தது கடைத்தெருப் பிரெஞ்சு. மகன்மாரின் பெயருக்கு நேரே 'சொந்தக்காரர்' என்ற சொல்லைக் கண்டுபிடித்திருந்தார். தன் பெயருக்கு நேரே அது இல்லை. வீடு போய்விட்டதென்று முடிவு கட்டி, மூத்தவனுக்கு அனுப்ப வீட்டுக் கதவின் திறப்பை உறையில் போட்டு ஒட்டியும் கொண்டு வந்திருந்தார்.

நான் பாதிதான் கேட்டேன். அந்தச் 'சொந்தக்காரர்' என்ற சொல்லோடு 'அம்மணமான' என்று ஒட்டியிருந்ததே காரணம். அம்மாவின் பெயருக்கு நேரே இருந்ததோ, வீட்டைப் பாவிக்கவும் அதன் கனி பறிக்கவும் உரிமை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, சொல்லுக்குச் சொல் 'நேக்கட் ஓனர்' என்றே பெயர்த்து, என் கணவருக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

அவர் இருமும் வரை சிரித்தார். பிறகு கேட்டார்: "உமக்கென்ன விசரே? மகளுக்கு இந்த வீட்டை எழுதேக்க நாங்கள் என்னத்தை வச்சுக்கொண்டனாங்கள்?"

சீவிய உருத்து. மகளின் கல்யாணத்துக்குச் சீதனமாக வீட்டை எழுதினோம். நாங்கள் உயிரோடு இருக்கும் மட்டும் இங்கேயே இருக்கலாம் என்று உறுதிப் பத்திரத்தில் ஒரு வரி. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன் எத்தனையோ பேர் அந்த ஒரு வரியில்தான் குடியிருக்கிறோம். நம் நொத்தாரிசுமார் ஆங்கிலத்தில் அதை லைஃப் இன்ட்ரஸ்ட் என்றே எழுதுகிறார்கள். பேர் மட்டும் அவளுக்கு, குடியிருப்பு எங்களுக்கு: என் சொந்த மகளே ஓர் அம்மணச் சொந்தக்காரி! அதுவரை அது எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் வந்ததும், பத்திரத்தைக் கொடுக்குமுன் சொன்னேன்: "வீடு பிள்ளையளின்ர பேரிலதான். ஆனா உங்கட சீவிய காலம் முழுக்க உங்களை ஒருத்தரும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லேலாது."

அவர் உறையைக் கிழித்துத் திறப்பை எடுத்தார். செபமாலை வைத்திருந்த சின்னப் பையில் அதைப் போட்டு, சிப்பை இழுத்து மூடினார்.

"நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளையளை அங்க வரச் சொல்லப்போறன்," என்றார். "என்ர வீட்டுக்கு."