ஆறாம் வீட்டின் மூச்சு

ஹாலிஎலயில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் தர்ஷினியின் தம்பி போனில் அழைத்தான். "அக்கா, தர்ஷி போயிட்டா. மூச்சு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே..." வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன். கையிலிருந்த வயலின் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அவளை அறிந்தவர்களுக்கு அவள் பாட்டும் தெரியும். என் வயலினை அடியில் ஓடவிட்டு, தன் குரலையே எட்டு முறை பதிந்து மேலே அடுக்குவாள். பசறைக்கு மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள். குரல்களுக்கும் அந்த வீட்டு எண்களைத்தான் வைத்திருந்தாள். "மூணாம் வீடு ரொம்பக் கத்துதுக்கா, கொஞ்சம் அடக்குங்க" என்பாள். நிஜமான மூன்றாம் வீட்டுக்காரி வாசலில் நின்று முறைப்பாள். பதுளையில் இப்போதுதான் நாலு பேர் அவள் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வீட்டிலேயே பாடிப் பதிவாள். பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைத் தடுக்க வேறு வழியில்லை. அதைக் கணினியில் துடைப்பது என் வேலை. தகரத்தில் விழும் மழை, நாய், இவளுடைய மூச்சு எல்லாவற்றையும் வெட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"மூச்ச வெட்டாதீங்கக்கா, நான் உயிரோடதானே பாடுறேன்?" என்று சண்டைக்கு வருவாள்.

"சுத்தமா இருந்தாத்தான் நாலு பேர் கேப்பாங்க, சும்மா இரு" என்று வாயை அடைத்துவிடுவேன்.

போன வாரம் அவள் அம்மா வந்தார். "முப்பதாம் நாளுக்கு எம்புள்ள கடைசியாப் பாடுனதப் போடணும்மா. பாட முன்னுக்கு ஒரு மூச்சு எடுப்பாளே, அது கேட்டாப் போதும் எனக்கு." "கேக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பாட்டை வீடு வீடாகத் திறந்தேன். முதல் ஐந்தில் நான் துடைத்த அமைதி மட்டுமே இருந்தது. துடைப்பதற்கு முந்தைய பதிவுகளையும் நானே அழித்திருந்தேன். ஏழும் எட்டும் அவள் பாடவே இல்லை. ஆறாவதில் நான் இன்னும் கை வைத்திருக்கவில்லை. அதைத் திறந்தேன்.

மழைக்கு நடுவே நீளமாக ஒரு மூச்சு. அதன் அடியில் மெல்லிய விசில். மற்ற ஐந்து வீடுகளிலும் அது இருந்தது, இப்போது ஞாபகம் வருகிறது. இழுப்பு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டும், அழுக்கு என்று துடைத்தேன்.

முப்பதாம் நாள் அதை அப்படியே போடப்போகிறேன். அந்த விசில் அம்மாவுக்கும் கேட்டுவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெட்டமாட்டேன். தர்ஷினி எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு மூச்சு. அது முடியும்வரை என் வயலின் தொடங்காது.